ஒரு மூலைக்கு இரண்டு மெஷின்

கல்யாணமான நாளிலிருந்து என் கணவருக்கும் எனக்கும் ஒரே ஒரு சண்டைதான். மற்றதெல்லாம் அதன் கிளைகள். விளையாட்டு என்றால் அவர் கன்சோல் கட்சி, நான் கம்ப்யூட்டர் கட்சி. அவர் லிஃப்ட் மெக்கானிக். பட்டனை அமுக்கினால் பெட்டி மேலே போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். கடுகளவு மேடு இருந்தாலும் தேய்த்து எடுக்கிறவள். எனக்கு மவுஸின் நுணுக்கம் வேண்டும். திரையின் வெளிச்சத்திலிருந்து உள்ளே சுற்றுகிற விசிறியின் வேகம் வரை எல்லாம் என் சொல் கேட்க வேண்டும்.

"டிஸ்க்கப் போட்டமா, சோபாவுல சாஞ்சமான்னு இல்லாம, விளையாடறதுக்கு முன்னாடி அப்டேட்டு, அதுக்கு ஒரு அப்டேட்டு. இது விளையாட்டா, ஆபீசா?" என்பார்.

"நீங்க குறி வெக்கறதுக்குள்ள எதிரி ரிட்டயர் ஆயிடுவான்" என்பேன்.

இப்படி வாயளவில் இருந்தது, மாமியார் எங்களோடு தங்க வருகிறார் என்றதும் நிஜமாகவே முற்றியது. கம்ப்யூட்டர் இருக்கும் சின்ன அறை அவருக்கு. மிச்சம் ஹாலில் ஒரு மூலை. அங்கே ஏற்கெனவே டிவியும் கன்சோலும் சட்டமாக உட்கார்ந்திருந்தன. என் மேசை வந்தால் டிவி மாமியார் அறைக்கும் கன்சோல் பரணுக்கும் போக வேண்டும். வராவிட்டால் என் கம்ப்யூட்டர் பரணுக்கு.

விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை. வீம்பு இல்லை, காரணம் என் தங்கை. வாலு என்றுதான் கூப்பிடுவேன். வேலைக்காகக் கடல் தாண்டிப் போய்விட்டாள். போனில் எங்களுக்குப் பேச வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்து சேர்ந்து விளையாடும்போதுதான் வாய் திறக்கும். பாழடைந்த கோட்டைக்குள் பேய்களைச் சுட்டுக்கொண்டே அவள் மேனேஜரின் அட்டகாசமும் என் லேப் வம்பும் பேசித் தீர்ப்போம். கம்ப்யூட்டர் பரணுக்குப் போனால் தங்கையும் கூடவே போய்விடுவாள் என்று பயமாக இருந்தது. இதைக் கணவரிடம் சொன்னேன்.

"அந்த விளையாட்டு என்னோடதுலயும் வருதே. ரெண்டு பக்கத்து ஆளுங்களும் சேர்ந்தே ஆடலாம். கன்சோல்ல உக்காந்து அவகூட விளையாடேன்" என்றார்.

"அந்தப் பொம்மையக் கையில புடிச்சிகிட்டா? ஒரு தடவ தொட்டுப் பாத்ததே போதும், சாமி. தரையப் பாக்கச் சொன்னா வானத்தக் காட்டுது."

"ஒரு தடவ தொட்டா போதுமா? நான்கூட உன்னோடத ஒழுங்கா தொட்டதில்ல. இந்த ஞாயித்துக்கெழம மாத்தி உக்காந்து பாக்கலாமா? அப்புறம் முடிவு பண்ணலாம்."

நியாயமாகத்தான் பட்டது. உண்மையில், அந்தப் பொம்மையில் அப்படி என்னதான் கண்டார் என்று தெரிந்துகொள்ள எனக்கும் உள்ளூர ஆசை.

ஞாயிறன்று மேசையை ஹாலுக்கு இழுத்து வந்தோம். அவர் என் கம்ப்யூட்டர் முன்னால், வாலுவோடு கோட்டைக்குள். நான் டிவி முன்னால், கன்சோலில் தனியாக. என்னைப் பற்றி மாமனும் மச்சினியும் கோள் பேசிவிடக் கூடாதென்று வாலுவின் குரலை ஸ்பீக்கரில் வைத்தேன்.

கன்ட்ரோலரின் குமிழை மேலே தள்ளினால் மறுபடியும் பார்வை கீழே போனது.

"இது என்ன கண்றாவி, தலைகீழா இருக்கு?"

"நான்தான் அப்படி வெச்சிருக்கேன். ஃபிளைட் ஓட்டற விளையாட்டுல பழகிடுச்சு. செட்டிங்ல மாத்திக்கோ."

"மாத்தலாமா?"

அடப்பாவமே! ஒரு மனுஷனின் பழக்கத்தை மெஷினின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மாற்றியதும் கை தானாகப் பழகிவிட்டது. சரளைக் கல்லில் நடந்தால் கைக்குள்ளே பொடிப்பொடியாக அதிர்ந்தது. மழை பெய்தால் அந்த அதிர்வு வேறு மாதிரி இருந்தது. அதற்காகவே மழையில் சும்மா போய் நின்றேன். வெளியில் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அந்தப் பக்கம் அவர் கீபோர்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாமா, செவுத்துகிட்ட என்ன ரகசியம் பேசறீங்க? இந்தப் பக்கம் வாங்க, கதவு இங்க இருக்கு."

"வந்துட்டேன். எப்படித் தொறக்கறது?"

"கிட்டப் போயி முக்கோணத்த அமுக்குங்க."

பழக்கதோஷம், அவரும் கட்டை விரலால் கீபோர்டைத் தடவித் தேடினார். என் கை நின்றுவிட்டது. கீபோர்டில் ஏது முக்கோணம்? கம்ப்யூட்டரில் அந்தக் கதவுக்கு இங்கிலீஷ் 'ஈ' எழுத்தைத் தட்ட வேண்டும். முக்கோணம் போட்ட பட்டன் இருப்பது என் கையிலிருந்த பொம்மையில்.

"ஏய் வாலு, நீ எதுல விளையாடற?"

"கம்ப்யூட்டர்லதான்" என்றாள், சுரத்தில்லாமல்.

"அதுல முக்கோணம் எங்கடி இருக்கு?"

"கன்சோல்லக்கா" என்றாள். "கம்ப்யூட்டர் வர்ற வழியிலயே ஒடஞ்சு போச்சு. இது என்கூடத் தங்கியிருக்கறவளோடது."

"அப்போ இங்கேருந்து போனதுலேருந்தே இதுலதானா? இதுல எப்படி அவ்ளோ பேய சுட்ட?"

"நான் எங்க சுட்டேன்? எல்லாத்தையும் நீதான சுட்ட."

கணவர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது, யார்மேல் என்றுதான் புரியவில்லை.

"ஏன்டி சொல்லல?"

"நீதான் கன்சோல்காரங்கள வாரம் தவறாம கிழிகிழின்னு கிழிப்பியே. அதோட வராதன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்."

ஏறிய கோபம் அப்படியே இறங்கிவிட்டது. ஆனாலும் கேள்வி மட்டும் போகவில்லை. இரண்டிலும் ஒழுங்காக விளையாடியவள் எங்கள் குடும்பத்திலேயே அவள் ஒருத்திதான். கணவரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு காதைத் தீட்டினார்.

"சரி, உண்மையச் சொல்லு. நான் திட்ட மாட்டேன். ரெண்டுல எது நல்லா இருக்கு?"

"ரெண்டுமே எனக்குத் தலசுத்தல்க்கா. விளையாட்டே எனக்குப் பெருசா புடிக்காது. போன்ல கூப்ட்டா 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு'ன்னு வெச்சிடற. இதுல உக்காந்தாதான் நீ பேசற."

நான்தான் இவளைப் பேச வைக்கிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! கணவர் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றாமல் அழுதுவிட்டேன்.

"அத அணைச்சிடு. நான் போன்ல கூப்பிடறேன்" என்றேன்.

"போன்ல என்ன பேசறது?"

"தெரியல. எடு, பாப்போம்."

"அப்போ மூலைல எத வெக்கறது?" என்று கணவர் கேட்டார்.

"எதையாவது வெச்சுத் தொலைங்க, இப்ப நடுவுல பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மேசை போன சின்ன அறை வெறிச்சென்று இருந்தது. தரையிலேயே உட்கார்ந்து கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். சுடுவதற்குப் பேயும் இல்லை, திறப்பதற்குக் கதவும் இல்லை. எங்கே ஆரம்பிப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. எப்போதும் நான் வைத்துவிடுகிற இடம் அதுதான். வைக்காமல் இருந்தேன்.

"அக்கா, எனக்கு இந்த ஊரு புடிக்கவே இல்லக்கா" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"மொதல்லேருந்து சொல்லு" என்றேன்.