குழி தத்தெடுப்புத் திட்டம்

நகராட்சிப் புகார்ப் பிரிவில் ஒரு எழுத்தர். நாற்காலியில் உட்கார்ந்தால் லேசில் எழமாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கோந்து. உட்கார்ந்த இடத்திலேயே அவர் இன்னொரு வேலையும் பார்த்துவந்தது யாருக்கும் தெரியாது. ‘தினப்புளுகு’ என்ற கேலிச் செய்தித் தளத்துக்குப் புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்தார். தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும்.

போன வாரம் எழுதியது இது: ‘சாலைக் குழிகளைப் பொதுமக்கள் தத்தெடுக்கலாம், நகராட்சி அறிவிப்பு.’ பக்கத்தின் அடியில் எறும்பு அளவில் ‘சிரிக்க மட்டும்’ என்று ஒரு வரி உண்டு. செய்தியைப் படம் எடுத்துப் பரப்பிய புண்ணியவான்கள் அந்த வரியை வெட்டிவிட்டார்கள். உண்மைப் பத்திரிகை ஒன்று அதை அப்படியே மூன்றாம் பக்கத்தில் போட்டும்விட்டது. திங்கட்கிழமை காலையில் கோந்துவின் ஜன்னலுக்கு வெளியே பதினேழு பேர் மனுவோடு நின்றார்கள்.

அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். “எவன் கிளப்பிவிட்டான்னு தெரியல. ஆள் மட்டும் கிடைக்கட்டும், வீட்டுக்கு அனுப்பிடறேன். நீங்க எல்லாருக்கும் இல்லன்னு சொல்லி அனுப்புங்க.”

கோந்து பயத்தோடு தலையாட்டினார். கூடவே கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பதினாறு பேருக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார். சிலர் திட்டினார்கள், ஒருவர் சிரித்தார். கடைசி ஆள் தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு வந்தவர், குழியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மனுவில் குறித்திருந்தார்.

“அண்ணே, அது யாரோ கேலிக்கு எழுதினது. அப்படி ஒரு திட்டமே இல்ல.”

“பேப்பர்ல வந்திருக்கே சார்.”

“அவங்களும் ஏமாந்துட்டாங்க.”

தையல்காரர் நகரவில்லை. “என் தங்கச்சி வண்டியோட அதுல விழுந்துதான் சார் இடுப்பு போச்சு. மூணு புகார் குடுத்தேன். அப்புறம் நானே மண்ணக் கொட்டினேன். அனுமதி இல்லாம ரோட்டுல கை வைக்கக் கூடாதுன்னு உங்க ஆளுங்க அள்ளிட்டுப் போயிட்டாங்க. என் பேருக்கு எழுதிக் குடுத்தீங்கன்னா, நான் பாட்டுக்கு மூடிக்குவேன்.”

கோந்து மனுவைப் பார்த்தார். ‘ஒரு குடும்பமே உட்கார்ந்து குளிக்கலாம்’ என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து அவருக்குத் தெரியும். மூன்று புகாரும் அவர் மேசைமேல் இருந்த கோப்புக் கட்டில்தான் கிடந்தன. கட்டுரைக்கு அந்த வரியை அங்கிருந்துதான் உருவினார். படித்துவிட்டு அன்று வாய்விட்டுச் சிரித்திருந்தார். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அந்தச் செய்திய எழுதினவரு யாரோ நல்ல மனுஷன் சார்” என்றார் தையல்காரர். “எங்க கஷ்டம் தெரிஞ்சவரு.”

கோந்து எழுந்தார். அறையே திரும்பிப் பார்த்தது. மூன்று மேசை தள்ளிப் போய், அனுமதிப் பிரிவின் முத்திரையை எடுத்துவந்து மனுவில் குத்தினார். அடியில் தன் சொந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“இன்னிக்கே மண்ணு போடலாமா சார்?”

“போடுங்க. யாராவது வந்து கேட்டா, இந்தப் பேரக் காட்டுங்க.”