சிக்னி தொட்ட இரும்பு

ஹாட்செட் கிரீக் ஊரில் சிக்னி ஸ்லெட்டன் தொட்ட இரும்பு நாலு எண்ணுவதற்குள் துருப்பிடித்துவிடும். மோன்டானாவின் அந்த மூலையில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. பனி தள்ளும் லாரியின் கதவில் அவளுடைய ஐந்து விரலும் பழுப்பாகப் பதிந்திருந்ததை மாவட்ட அலுவலகம் மூன்று முறை வண்ணம் பூசிப் பார்த்துவிட்டுக் கைகழுவிவிட்டது. 1971இல் ஷெரீஃப் சிறையறைக்குள் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு சாவியை வெளியே வைத்துவிட்டபோது, ஆளனுப்பி அழைத்தது கொல்லனை அல்ல, சிக்னியைத்தான். அவள் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவருடைய மனைவியின் நலம் விசாரித்தாள்; பதில் முடிவதற்குள் பூட்டு பொடியாகி உதிர்ந்தது. வியர்வையில் உப்பு அதிகம் என்றார் டாக்டர். பாதிரியார் தேவாலயக் கதவுக்குப் பித்தளைப் பிடி போட்டுக்கொண்டார்.

இந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் வாழ்க்கைப்பட்டது, அந்த ஊரிலேயே இரும்பை மிகச் சுத்தமாக வைத்திருந்த மனிதனுக்கு. ஆர்விட் ஸ்லெட்டன் வேட்டைத் துப்பாக்கிக்கான ரிசீவர் செய்கிறவன். குழலும் மரக்கட்டையும் வந்து சேருகிற நடு உடம்பு அது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட் அதற்குள்தான் முன்னும் பின்னும் ஓடும். ஒரு எஃகுக் கட்டியை எடுத்து, குடைந்து, இழைத்து, ஒன்றை முடிக்க அவனுக்கு நாலு மாதம் ஆகும். அவசரப்படுத்துகிறவர்களுக்கு ஐந்து மாதம். கல்யாணமான வாரமே வீட்டிலிருந்த இரும்பையெல்லாம் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் மாற்றிவிட்டான். தண்ணீர்க் குழாய் செம்பானது, கரண்டிகள் பிர்ச் மரமாயின, ஊசி எலும்பில் வந்தது. பட்டறையில் மட்டும் என்ன செய்ய முடியும்? வாசலிலிருந்து இரண்டடி உள்ளே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். சிக்னி அதுவரை வரலாம். இருபத்திரண்டு வருஷம் அவள் அந்தக் கோட்டில் நின்றுதான் காப்பி கொடுத்தாள், திட்டினாள், சிரித்தாள், புருஷன் குனிந்து வேலை செய்கிற முதுகைப் பார்த்தாள். ஊரில் வேட்டை தெரியாத பல்வைத்தியர்கூட ஆர்விட்டின் ரிசீவரைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். பெண்டாட்டி பார்த்ததில்லை. அது அவளுக்கு வலித்தது. ரொம்பவே வலித்தது. யாரிடமும் சொன்னதில்லை.

வலி வெள்ளிக்கிழமைகளில் கூடும். ஏனென்றால் ஒரு ரிசீவர் இழைப்பு முடிந்து, நிறம் ஏற்றுவதற்கு முன் வெள்ளை எஃகாக இருக்கும்போது, ஆர்விட் அதை எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு வெள்ளிக்கிழமை காலை ஃபெர்ன் நடத்தும் கஃபேக்குக் கொண்டுவருவான். மேசையில் பான்கேக் பாகைத் துடைத்து, எல்லாரும் கைகழுவி வந்து உட்காருவார்கள். ஆளுக்கு ஒருமுறை கையில் வாங்கலாம், ஒருமுறை போல்ட்டை இழுத்து மூடலாம், மனதில் பட்டதை ஒரே ஒரு தடவை சொல்லலாம். இரண்டாவது கருத்துக்கு அனுமதி கிடையாது, இரண்டாவதிலிருந்து மனிதன் பொய் சொல்ல ஆரம்பிக்கிறான் என்பது அந்த ஊர்க் கணக்கு. நார்வேக்காரர்களின் பேரன் பேத்திகள் ஆனதால் புகழ்ச்சிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஹாட்செட் கிரீக்கில் ஒருவன் செத்துச் சொர்க்கத்தைப் பார்த்துவிட்டு வந்தாலும் “மோசமில்லை” என்பதற்கு மேல் சொல்லமாட்டான். அந்த ஒரு வார்த்தையை வாங்குவதற்குத்தான் ஆர்விட் நாலு மாதம் முதுகொடிந்தான். சிக்னி சுவரோரம் மான்தோல் கையுறையோடு உட்கார்ந்து, துணி கைமாறிக் கைமாறித் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்ப்பாள்.

1984 செப்டம்பரில் அறுபதாவது ரிசீவர் முடிந்தது. அதைக் கேட்டிருந்தவர் வெண்டல் ப்ரவுட்டி. ஓஹையோவில் இருந்துகொண்டு வேட்டைக்காரர்களின் மாதப் பத்திரிகையில் எழுதுகிறவர். எதைக் கையில் வாங்கினாலும் மூன்று குறை கண்டுபிடிக்காமல் கீழே வைக்கமாட்டார், அதற்காகவே பத்திரிகை விற்றது. அக்டோபர் கடைசியில் அவரே நேரில் வருவதாக எழுதியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை முடிதிருத்தும் டெல்மர் முறை வந்தபோது, அவன் வழக்கம்போல் அதிகப்பிரசங்கித்தனமாக ரிசீவரைச் சாய்த்துப் பிடித்தான்.

“பாருங்கப்பா, நான் தொடவே இல்ல. தானா ஓடுது.”

போல்ட் தன் எடையில் வழுக்கிக்கொண்டு பின்னால் வந்து ‘டக்’கென்று நின்றது. டெல்மர் திடுக்கிட்டான். கையில் பாகு மிச்சமிருந்திருக்க வேண்டும். ரிசீவர் நழுவிச் சிமென்ட் தரையை நோக்கிப் போனது. பெர்ரி பை தின்பதற்காகக் கையுறையைக் கழற்றி வைத்திருந்த சிக்னி பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள்.

கஃபேயில் எல்லாரும் மனதுக்குள் நாலு எண்ணினார்கள். அவள் மேசைமேல் வைத்தபோது வெள்ளை எஃகின் இரண்டு பக்கமும் அவளுடைய உள்ளங்கை ரேகை உள்பட செம்பழுப்பாகப் பூத்திருந்தது.

“கைல ஏந்துனது நல்லதாப் போச்சு, இல்லன்னா வளைஞ்சிருக்கும்,” என்றாள் ஃபெர்ன், யாராவது எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று. டெல்மர் தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தான். ஆர்விட் ரிசீவரைத் துணியில் சுற்றி வீட்டுக்கு நடந்தான்.

எண்ணெய் போட்டுத் தேய்த்தான், கல்லால் இழைத்தான். தேய்க்கத் தேய்க்கக் கை அடையாளம் உள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, இனிக் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில், சிக்னி சூப் வைக்கிற செம்புப் பானையில் மழைத்தண்ணீர் ஊற்றி அதில் ரிசீவரைப் போட்டுக் கொதிக்கவைத்தான். துருவைக் கொதிக்கவைத்தால் கறுக்கும் என்பது தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும். பழைய காலத்தார் மருந்து தடவித் துருப்பிடிக்க விட்டு, கொதிக்கவைத்து, துலக்கி, இப்படி எட்டுத் தடவை செய்துதான் துப்பாக்கிக்கு நீலம் ஏற்றினார்கள். கால் மணி கழித்து வெளியே எடுத்து மெல்லிய தூரிகையால் துலக்கினான். கறுப்பு உதிர்ந்தது. அடியிலிருந்து வந்த நீலத்தைப் பார்த்து ஆர்விட் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அப்படி ஒரு நீலத்தை அவன் எந்த மருந்திலும் பார்த்ததில்லை. அது உள்ளங்கை வடிவத்தில் இருந்தது, அதுதான் ஒரே சங்கடம்.

எஃகு ஆறியதும் அவன் வாசல்வரை வந்து கூப்பிட்டான். அவள் கையுறை போட்டுக்கொண்டு ஓடிவந்து, பழக்கதோஷத்தில் கோட்டில் நின்றாள்.

“கையுறையக் கழட்டு. கோட்டத் தாண்டி வா.”

“பைத்தியமா உனக்கு? உள்ள எல்லாம் இரும்பு.”

“தெரியும். இத மட்டும் தொடு. முழுசாத் தொடு, ஒரு இடம் விடாம.”

அவள் தொட்டாள். எஃகு குளிர்ச்சியாக இருந்தது, ஓரங்கள் ஒன்றும் கீறவில்லை, கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போய் நிற்கிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் அதற்காகவே காத்திருந்தது. இருபத்திரண்டு வருஷம் இந்த மனுஷன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் மலர்ந்துபோயிற்று. அந்த மலர்ச்சியில் வந்த துரு மாவுபோல மெல்லியதாக, எங்கும் ஒரே சீராகப் படிந்தது.

நாளைக்கு ஒரு சுற்று, மொத்தம் எட்டுச் சுற்று என்று முடிவாயிற்று. போல்ட்டின் கைப்பிடிக் குமிழையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் நாளே ஒன்று தெரியவந்தது. அன்று காலை ஆர்விட்டின் அக்கா குட்ரூன் தொலைபேசியில் கூப்பிட்டு, அடுத்த வாரம் தங்க வருகிறேன், தலையணை உறை போன தடவைபோல் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். சிக்னி அந்தக் கையோடு தொட்டதில் துரு ஆரஞ்சுத் தோலாகப் பொருக்குத் தட்டிவிட்டது. ஆர்விட் ஒரு நாள் முழுக்கக் கல்லால் இழைத்து முதல் சுற்றுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. செய்தி கஃபேக்குப் போனது. அதன்பின் சிக்னியைச் சந்தோஷமாக வைத்திருப்பது ஊர்ப் பொதுவேலை ஆகிவிட்டது. ஃபெர்ன் தினமும் ஒரு பெர்ரி பை சுட்டு அனுப்பினாள். பல்வைத்தியர் வீட்டுக்கே வந்து, தன் கல்யாணத்தில் மாமனார் ஏரிக்குள் விழுந்த கதையை மூன்று நாளும் மூன்று விதமாகச் சொன்னார். டெல்மர் பாவத்துக்குப் பிராயச்சித்தமாகப் பஸ் நிலையம் போய் குட்ரூனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, குறுக்குவழி என்று சொல்லி, அணைக்கட்டையும் ஒரு சுரங்கத்தையும் எருமைக் கூட்டத்தையும் சுற்றிக்காட்டி, ஐந்தாம் நாள்தான் கொண்டுவந்து சேர்த்தான். குட்ரூன் இறங்கியபோது ஆச்சரியமாக அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அது வேறு கதை, அடுத்த ஜூனில் தேவாலயத்தில் கல்யாணமாக முடிந்தது.

ஏழாம் சுற்றில் சிக்னி ரிசீவரைக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் மரக்கட்டைக்குள் மறைந்துபோகும், யார் கண்ணிலும் படாது என்பதால் அதுவரை ஆர்விட்தான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, அடிப்பக்கத்தை அவள் பார்க்காமல் தடவ மட்டும் விட்டான். அன்று அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வால்பகுதியின் அடியில் அரிசிமணி அளவில் எழுத்துகள் வெட்டியிருந்தன. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். சிக்னி என்று இருந்தது.

“ஆர்விட். இது என்ன?”

அவன் திரும்பிப் பார்த்தான். காதுவரை சிவந்தான். “பேரு.”

“எல்லாத்துலயும் இருக்கா?”

“மொத ஒண்ணுலேருந்து.”

பெர்ரி பை கொடுக்க வந்து வாசலில் நின்றிருந்த ஃபெர்ன் வாயைப் பிளந்தாள். “அடிப்பாவி, உனக்குத் தெரியாதா? ஊர்ல திருப்பிப் பாக்காதவன் யாரு? உனக்குத் தெரியும்னுல்ல நாங்க நெனச்சோம்!”

அறுபது தடவை அவளுடைய பெயர் கைமாறிக் கைமாறி அவளைத் தாண்டிப் போயிருக்கிறது. சிக்னி சந்தோஷப்பட்டாளா, கோபப்பட்டாளா என்று கேட்டால் இரண்டும்தான். “வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துரும்?” என்று கத்திவிட்டு, கட்டைவிரலை அந்த எழுத்துகள்மேல் அழுத்திக்கொண்டு நெடுநேரம் அழுதாள். அந்த இடத்தில் வந்த துரு கொதித்தும் கறுக்கவில்லை. மூன்று முறை கொதிக்கவைத்தான் ஆர்விட். மற்றதெல்லாம் நீலம்; பெயர்மேல் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு செம்பழுப்பு.

ப்ரவுட்டி சொன்ன நாளில் வந்தார். வெள்ளிக்கிழமை, ஃபெர்ன் மேசையை இரண்டு தடவை துடைத்தாள். அவர் கைகழுவி, கண்ணாடி மாற்றி, துணியைப் பிரித்தார். நீலத்தைப் பார்த்ததும் கஃபேயின் வெளிச்சத்தைச் சந்தேகப்பட்டு ஜன்னலோரம் போனார், தெருவுக்கே போனார், திரும்பி வந்தார். போல்ட்டை இழுத்து மூடினார். இன்னும் ஒருமுறை இழுக்கக் கை போனது, டெல்மர் கனைத்தான், விட்டுவிட்டார். பிறகு கவிழ்த்தார்.

“இங்க துரு இருக்கு,” என்றார், ஆளுக்கு உயிர் வந்ததுபோல.

“இருக்கு,” என்றான் ஆர்விட்.

“எடுக்கலாமே?”

“வராது. எடுக்கவும் மாட்டேன். உங்களுக்கு வேணாம்னா வச்சுட்டுப் போங்க.”

ஆர்விட் அவ்வளவு நீளமாகப் பேசி ஊர் கேட்டதில்லை. ப்ரவுட்டி எழுத்துகளைப் படித்தார். சுவரோரம் வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். ஃபெர்ன் அவர் காதருகில் குனிந்து நாலு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்சநேரம் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க ஊர் வழக்கப்படி எல்லாரும் கருத்து சொல்லியாச்சா?”

“ஒருத்தி பாக்கி,” என்றாள் ஃபெர்ன்.

அவர் எழுந்து போய், துணியில்லாமல், சிக்னியின் வெறுங்கையில் ரிசீவரை வைத்தார். அவள் நீலக் குமிழைப் பிடித்துத் தூக்கி, இழுத்து, தள்ளி, மூடினாள். சத்தமே இல்லை. எல்லாரும் நாலு எண்ணினார்கள். நீலம் நீலமாகவே இருந்தது. எட்டுச் சுற்றிலும் அந்த எஃகு அவளை வேண்டியமட்டும் வாங்கிவிட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் அவளிடம் நிறையவே இருந்தன. புருஷன் மூச்சு விடாமல் நின்றான்.

“மோசமில்லை,” என்றாள் சிக்னி.

ஆர்விட் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ப்ரவுட்டியின் கட்டுரையில் அந்த மாதம் இரண்டே குறைதான் இருந்தன, இரண்டும் ஃபெர்னின் காப்பியைப் பற்றியவை. அதன்பின் ஆர்விட் செய்த எண்பத்தோரு ரிசீவருக்கும் சிக்னிதான் நிறம் ஏற்றினாள். ஒவ்வொன்றிலும் பெயர்மேல் மட்டும் செம்பழுப்பு நின்றது. ஒரே ஒரு தடவை, 1991இல், டெக்சஸ்காரர் ஒருவர் தனக்கு வந்ததைத் திருப்பி அனுப்பி, அடிப்பக்கம் பெயர்மேல் துருவே இல்லை, விட்டுப்போயிருக்கிறது, தயவுசெய்து சரிசெய்து தரவும் என்று எழுதியிருந்தார். பார்த்தால் உண்மைதான், குட்ரூன் டெல்மரோடு கோபித்துக்கொண்டு வந்து தங்கியிருந்த வாரத்து வேலை, அவசரத்தில் அந்த இடத்தைத் தொடாமலே விட்டிருந்தாள். சிக்னி மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதிவிட்டு, தன் பெயர்மேல் கட்டைவிரலை வைத்து நாலு எண்ணினாள். மறுநாள் தபாலில் அனுப்பிவிட்டார்கள்.