கூக்காவைக் கேலி செய்யப் போனவன்

யாக்கோவுக்குப் போகும் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிளின் பின்டயர் வெடித்தபோது எத்தியென் பாரே வண்டியைத் திட்டவில்லை. திட்டித் திட்டி வாய் ஓய்ந்துவிட்டது. அபிஜானிலிருந்து கிளம்பியதிலிருந்து அது ஒவ்வொரு உறுப்பாக உயிரை விட்டுக்கொண்டு வந்தது. நாட்டு எல்லை தாண்டும் முன்பே கிளட்ச் கம்பி அறுந்தது. சைக்கிள் பிரேக் கம்பியை வாங்கிக் கோத்தான். போபோ நகரத்துப் பக்கத்தில் பெட்ரோல் டேங்க் கீறி ஒழுகியது; குளிக்கிற சோப்பைப் பிசைந்து அப்பி, மேலே பழைய டியூப்பை வாராக வெட்டிச் சுற்றினான். இப்போது டியூப் ஒட்டுப் போடவே இடமில்லாமல் கிழிந்திருந்தது.

மனைவி மார்த் இறங்கி முதுகை நிமிர்த்தினாள்.

"பஸ்ஸுல போலாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா நீ?"

"பஸ்ஸுல போய் இறங்குனா கூக்கா என்னைப் பாத்துச் சிரிப்பான்."

"அவன்தான் செத்துட்டானேய்யா."

"செத்தா மட்டும் சும்மா இருந்துருவானா அவன்?"

கூக்கா மோசி இனம், எத்தியென் சாமோ. இரண்டு இனத்துக்கும் மாமன் மச்சான் முறைதான். கண்ட இடத்தில் அடிமை என்றும் நாய்த்தலை தின்னி என்றும் வையலாம், தட்டில் இருப்பதைப் பிடுங்கித் தின்னலாம், கோபித்துக்கொண்டால்தான் குற்றம். மோசி வீட்டில் ஒருவன் செத்தால், கருமாதியன்று ஒரு சாமோ வந்து செத்தவனின் சட்டையை மாட்டிக்கொண்டு, அவனைப் போலவே நடந்து, பேசி, அவன் பெண்டாட்டியைச் சிரிக்கவைக்க வேண்டும். அழுகிற வேலையைச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தப் பக்கம் சாமோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிழைக்கப் போன அபிஜானில் ஒரே அறையில் கூக்காவோடு பாதி ஆயுளைக் கழித்தவன் எத்தியென் ஒருவன்தான். அவன் நடை வேறு எவனுக்குத் தெரியும்? கருமாதி இன்றைக்கு. பொழுது சாய்வதற்குள் போகாவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். போய் நின்றால் கேலி வருமா அழுகை வருமா என்ற பயம் வேறு அவனுக்கு. அதை மார்த்திடம்கூடச் சொல்லவில்லை.

காட்டோரம் ஒருவர் கூரை வேயக் காய்ந்த புல்லைக் கட்டிக்கொண்டிருந்தார். எத்தியென் போய் இரண்டு கட்டு கேட்டான்.

"எதுக்கு?"

"டயருக்குள்ள அடைக்க."

"பேரென்ன உனக்கு?"

"பாரே."

அந்த ஆள் முகம் மலர்ந்துபோனது. "சாமோப் பயலா நீ? அதானே பாத்தேன். உங்க ஊர்ல வண்டியும் புல்லு தின்னுமா?"

"மோசி நாட்டுக்குள்ள வந்துட்டேன்ல. இங்க கழுதைக்குத்தானே மரியாதை. அதான் வண்டியையும் கழுதையாக்கிட்டேன்."

"அடிமைக்குப் புல்லு குடுக்கலாமான்னு நான் யோசிக்கணும்."

"யோசி, யோசி. மோசி யோசிச்சு முடிக்கறதுக்குள்ள புல்லு மறுபடி முளைச்சிரும்."

பொறுக்கமாட்டாமல் மார்த் குறுக்கே புகுந்தாள். "கூக்கா தப்சோபா கருமாதிக்குப் போறோம்ணே."

"இத முன்னாலயே சொல்றதுக்கென்ன, நாய்த்தலை தின்னி?" என்றார் அவர்.

வசவு நிற்கவில்லை, கை மட்டும் வேகமானது. புல்லைத் தண்ணீர் தெளித்து முறுக்கிக் கொடுத்தவர் அவர்தான். எத்தியென் டயரின் ஒரு பக்கத்தை நெம்பிவிட்டு, அவருடைய மண்வெட்டிக் காம்பால் இடித்து இடித்து உள்ளே திணித்தான். கல் மாதிரி இறுகியதும் விளிம்பைத் தட்டிச் சக்கரத்துக்குள் ஏற்றினார்கள்.

"மெதுவா ஓட்டு. வேகமாப் போனா சூடேறிப் புல்லு பத்திக்கும். சாமோ வறுவல் எங்க ஊர்ல யாரும் திங்கமாட்டாங்க."

சக்கரம் குதித்துக் குதித்து உருண்டது. நடப்பவர்கள்கூட அவர்களை முந்தப் பார்த்தார்கள். எத்தியெனின் கண் பாதையில் பாதி, இறங்கும் வெயிலில் பாதி.

கூக்காவின் வீட்டு வாசலில் கூட்டம் இன்னும் கலையவில்லை. சோளக் கள்ளுச் சட்டிகள் காலியாகிக்கொண்டிருந்தன. கூக்காவின் மனைவி திப்போக்கோ பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். எத்தியெனைக் கண்டதும் யாரோ கூக்காவின் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். மாட்டிக்கொண்டான். அவன் வாசம் இன்னும் அதில் இருந்தது.

கூக்கா நடக்கிற மாதிரியே வயிற்றைத் தள்ளி, இரண்டு கையையும் பின்னால் கட்டி, கோழி எண்ணும் ஊர்த்தலைவர் மாதிரி இரண்டு அடி வைத்தான். மூன்றாவது அடி வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. மோசி வாசலில் நின்று ஒரு சாமோ அழுதால் அதைவிடக் கேவலம் இல்லை.

திப்போக்கோ தலையை நிமிர்த்தினாள். அவனையும் அந்தச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் எங்கய்யா போய்த் தொலைஞ்ச?" என்றாள், புருஷனிடம் மட்டும் பேசுகிற குரலில். "களி ஆறிப்போய்க் கெடக்கு."

எத்தியென் மூக்கை உறிஞ்சினான். வயிறு தானாக முன்னால் வந்தது. வெளியே வந்தது கூக்காவின் குரல்தான்.

"வண்டி கெட்டுப்போச்சுடி. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

திப்போக்கோ துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு பொத்திய கையையும் மீறி, வாசல் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.