வளைவில் ஒரு கல் அதிகம்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் தலையில் அடித்தே சொல்கிறேன். வழுக்கை என்பதால் சத்தம் நன்றாகவே கேட்டிருக்கும்.

இந்தக் கதை பிறந்தது ஒரு கல் வளைவுப் பாலத்தின் நட்டநடு உச்சியில். இப்போதும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஏன் என்பதுதான் கதை.

2

முதல் தொடக்கம்: ‘ஆற்றின்மேல் பனி மெல்ல—’

வேண்டாம். பனிக்கு இதில் வேலையில்லை.

இரண்டாம் தொடக்கம்: என் மகள் பாலங்களைக் கம்ப்யூட்டருக்குள் கட்டுபவள். லேசர் கருவியால் அளந்து, அதே பாலத்தைத் திரையில் எழுப்பி, அதன்மேல் லாரிகளை ஏற்றித் தாங்குமா என்று பார்ப்பாள். அவள் அளந்த அன்று நான் உச்சியில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தேன். கருவி என்னையும் சேர்த்து அளந்துவிட்டது.

(இதுவே இருக்கட்டும்.)

3

திரையில் பாலம் அசையாமல் நின்றது. உச்சியில் மட்டும் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

“இதென்னம்மா மூட்டை?”

“அது நீங்கதான்ப்பா. கம்ப்யூட்டர் உங்களையும் கல்லுன்னு நினைச்சுக்கிச்சு.”

மருமகன் செய்தித்தாளிலிருந்து தலையெடுக்கவில்லை. “அதுக்கு ஒரே நாள்ல புரிஞ்சிருச்சு. எனக்குப் பத்து வருஷம் ஆச்சு மாமா.”

(மருமகன் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். இந்த ஒரு வரிக்காக விட்டுவைத்திருக்கிறேன்.)

மகள் சிரித்துக்கொண்டே என்னைத் திரையிலிருந்து அழித்தாள்.

பாலம் முழுக்கச் சிவந்தது. நடுப்பகுதி பொலபொலவென்று ஆற்றுக்குள் போனது.

செய்தித்தாள் கீழே விழுந்தது. மகள் என்னைத் திரும்ப வைத்தாள், நின்றது. எடுத்தாள், விழுந்தது.

“அப்பா...” அவள் முகத்தில் ரத்தமே இல்லை. “அன்னிக்கு நீங்க ஏன்ப்பா எந்திரிச்சு வந்தீங்க?”

“கடலை தீந்துபோச்சும்மா.”

4

அவள் முட்டுக் கொடுக்க நிஜப் பாலத்தின் அடிக்கு ஓடினாள். நான் மேலே ஓடி உட்கார்ந்தேன். இன்னும் கீழேதான் இருக்கிறாள்.

“அப்பா, தும்மித் தொலைச்சிராதீங்க!”

சொல்லாமல் இருந்திருக்கலாம். இப்போது எனக்கு மூக்கு அரி—

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

5

ஒரு முடிவு: நான் எழுந்துவிடுகிறேன். எழுதக் கை வரவில்லை. கீழே என் பிள்ளை.

இன்னொரு முடிவு: நான் எழுவதே இல்லை. இடுப்பு ஒத்துக்கொள்ளாது.

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. நல்ல கனமான வாசகர் யாராவது வந்து என் இடத்தில் உட்காருங்கள். வழி சுலபம்: கடைசி நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்கி, கரையில் படகுக்குக் காத்திருங்கள். எங்கள் ஆற்றுக்குப் பாலம் கிடையாது.