படம் கிழித்த போத்தல்

காளியப்பனின் கை போத்தல் மூடியில் பதிந்துவிட்டது. அவர் திருகுவதற்குள் இரசாயனவியல் ஆசிரியை நாகேஸ்வரி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டாமல், மெதுவாக் கையை எடுங்கோ அண்ணை."

"தூசிதாங்க மிஸ். தொடைச்சி வச்சிடுறேன்."

"தூசியில்லை அது."

ஆய்வுகூடத்தின் களஞ்சிய அறையில், கீழ்த்தட்டின் கடைசி மூலையில், உடைந்த குடுவைகளுக்குப் பின்னால் அது இருந்தது. கபில நிறப் போத்தல். பெயர்த்தாள் இல்லை, தாள் ஒட்டியிருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும். மூடியைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக மணிகள் பூத்திருந்தன. இருப்புப் பதிவேட்டில் உள்ள எல்லாவற்றையும் கண்டுபிடித்தாயிற்று, ஒன்றே ஒன்றைத் தவிர. எழுபத்துநாலில் எவரோ ஓர் உயிரியல் ஆசிரியை வாங்கிப்போட்ட பிக்ரிக் அமிலம். இரண்டு கிழமையாக, பதினாலு நாளும், அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் ஊறிக்கிடக்கும்வரை அது சாதுவான சாமான். இருபத்தைந்து வருடம் கேட்பாரற்றுக் காய்ந்து மூடியின் இடுக்கில் இறுகிவிட்டதென்றால், ஒரு திருகல் போதும், கை போய்விடும். கையோடு நின்றால் புண்ணியம்.

இருவரும் வெளியே வந்தார்கள். கதவைக்கூட அவள் அடித்துச் சாத்தவில்லை, பிள்ளையைத் தூங்கவைத்தவள்போல் சாத்தினாள். விஷயத்தைச் சொன்னதும் காளியப்பன் தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொழும்பின் இந்தக் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாகப் போத்தல் கழுவும் மனிதர்.

"நாந்தாங்க மிஸ் கிழிச்சேன்" என்றார்.

"எதை?"

"பேர் ஒட்டுன தாளை. மூணு வருசத்துக்கு முந்தி கோட்டையில குண்டு வெடிச்சிச்சே, அப்ப ஸ்கூல் ஸ்கூலா ஆமி செக் பண்ணுனாங்க. பயங்கரமான சாமான் பேரெல்லாம் எடுத்துடுன்னு மெடம் சொன்னாங்க. எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. மண்டையோடு, நெருப்பு, இப்புடிப் படம் போட்டதாப் பார்த்துக் கிழிச்சிட்டேன். ஆமிக்காரன் கண்ணுல அதுதானே மொதல்ல படும்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதனால்தான் அந்த அறையில் கறியுப்பும் மாப்பொருளும் மட்டும் பெயரோடும் பெருமையோடும் நின்றன. எவையெல்லாம் கவனம், தொடாதே என்று எச்சரித்தனவோ அவையெல்லாம் வாயடைத்துப்போய் நின்றன. அந்த மனிதரை எப்படிக் கோபிப்பது? வடக்கே பருத்தித்துறையிலிருந்து கொழும்புக்கு வரும்போது அவளும் தன் பல்கலைக்கழகக் குறிப்புப் புத்தகத்திலிருந்து பதினொரு பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டவள்தான். சோதனைச்சாவடியில் பார்ப்பவனுக்கு நைத்திரேற்று என்ற ஒரு சொல் போதாதா, வெடிமருந்துக்காரி என்று நினைக்க?

பள்ளி அதிபர் இமெல்டாவின் அறைக்குப் போய், இருந்ததை இருந்தபடி சொன்னாள். போத்தலை ஒருவரும் தொடக் கூடாது, அறையைப் பூட்ட வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆண்டு ஆறு வகுப்புப் பிள்ளைகளை வெளியேற்ற வேண்டும், குண்டு அகற்றுகிற ஆட்களுக்குச் சொல்ல வேண்டும்.

இமெல்டா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். பொல்லாத மனுஷி அல்ல.

"சொன்னா யார் வருவாங்கன்னு தெரியுமா நாகேஸ்? போத்தலை மட்டுமா எடுத்துட்டுப் போவாங்க? போன தடவை போர்டிங்ல இருந்து மூணு பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனாங்க. கிளிநொச்சிப் பிள்ளைகள். ஒண்ணு இன்னும் வரல்ல. அதோட அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"மெடம், சுவருக்கு அங்கால நாற்பத்திரண்டு பிள்ளையள்."

"களஞ்சியப் பூட்டுத் திறப்பு யார் கையில? உங்க கையிலதானே? முதல் கேள்வி அதுதான். லீவு வரட்டும். ஸ்கூல்ல யாரும் இல்லாதப்ப பார்ப்போம்."

வாசலில் நின்ற காளியப்பன் மெதுவாகச் சொன்னார். "மீன் கூடையில வச்சி முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய் கடல்ல போட்டுட்டு வந்துடுறேன் மிஸ். நான் செஞ்ச வேலைதானே."

முகத்துவாரத்துக்குப் போகும் வழியில் இரண்டு சோதனைச்சாவடி. தோட்டக்காட்டு விலாசம் எழுதிய அடையாள அட்டையோடு, கூடைக்குள் வெடிமருந்தோடு, ஐம்பத்தைந்து வயதுக் காளியப்பன். அதுவும் அங்கே போய்ச் சேரும்வரை கூடை குலுங்காமல் இருந்தால். வேண்டாமென்று தலையாட்டினாள்.

ஆய்வுகூடத்துக்குத் திரும்பி வந்து அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வேறு எங்கே போய் இருப்பது? எடுக்க முடியாது, விட முடியாது, சொல்ல முடியாது. பயமாக இருந்தது. போத்தலுக்குப் பயந்ததைவிடத் தொலைபேசிக்குத்தான் அதிகம் பயந்தாள். அந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்வது? போன வருடம், அடையாள அட்டையில் பருத்தித்துறை என்று இருந்த ஒரே குற்றத்துக்காக இரண்டு நாள் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் இருத்தி வைத்தார்கள். வெள்ளவத்தையில் அவள் அறை எடுத்திருக்கும் வீட்டுக்காரர் இரத்தினசிங்கம் மூன்றாம் நாள் வந்து கையெழுத்துப் போட்டு மீட்டார். வரும் வழியில், பஸ்ஸுக்குள், முகத்தைப் பாராமல் அவர் சொன்னார்: "எனக்கும் குமர்ப்பிள்ளையள் இருக்குது பிள்ளை. இன்னொருக்கா என்ரை கையெழுத்தை எதிர்பாராதேங்கோ." இந்த ஊரில் அவளுக்காகக் கையெழுத்துப் போட வேறு ஆள் கிடையாது.

ஒன்றும் காணாதவள்போல் இருந்துவிட்டால்? லீவுக்கு இன்னும் ஐந்து கிழமை. இருபத்தைந்து வருடம் சும்மா கிடந்தது ஐந்து கிழமை கிடக்காதா? கிடக்கும், கிடக்கும் என்று தனக்குத்தானே ஓதிக்கொண்டாள். கொஞ்சம் நம்பவும் தொடங்கினாள்.

அப்போது பாடம் மாறுகிற மணி அடித்தது. சுவருக்கு அப்பால் ஆண்டு ஆறு எழும்பியது. வாங்குகளை இழுத்தார்கள். சித்திர பாடமாக இருக்க வேண்டும், நடுவில் இடம் விடுவதற்கு எல்லா வாங்குகளையும் சுவரோடு கொண்டுவந்து மோதினார்கள். ஒன்று. இரண்டு. மூன்றாவது மோதலில் களஞ்சிய அறைக்குள் கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசி மெல்லக் கிணுகிணுத்தன.

அவள் எப்படி எழும்பினாள், எப்படி அந்த வகுப்பு வாசலுக்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. குரல் மட்டும் வகுப்பெடுக்கும் குரலாகவே வந்தது.

"பிள்ளையள், எல்லாத்தையும் அப்பிடியே வையுங்கோ. ஒரு வாங்கும் இழுக்க வேண்டாம். வெறுங்கையோட, ரெண்டு ரெண்டு பேரா, வலைப்பந்து கிறவுண்டுக்கு."

பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சந்தோஷமாகப் போனார்கள். அவள் அதிபர் அறைக்குள் நுழைந்து தொலைபேசியைப் பார்த்தாள். இமெல்டா ஜன்னலால் மைதானத்தைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை மேசையில் அவள் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"உங்க பேர்ல சொல்லுங்க நாகேஸ். என் பேர் வேண்டாம்" என்றார்.

பொலிஸுக்கு அழைத்துச் சிங்களத்தில் சொன்னாள். அந்தப் பக்கக் குரல் பெயரை மூன்று தடவை கேட்டது, மூன்று தடவையும் எழுத்துக் கூட்டினாள். அரை மணித்தியாலத்தில் இரண்டு ஜீப் வந்தன. குண்டு அகற்றும் பிரிவுச் சார்ஜன் நரைத்த மீசைக்காரர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார், கட்டடத்தையே வெறுமையாக்கச் சொன்னார், தனியாக உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரை காளியப்பன் மதில் ஓரமாகக் குந்தியிருந்து முருகா முருகா என்று முணுமுணுத்தார். ஒரு மணித்தியாலம் ஆயிற்று. மணல் நிரப்பிய பெட்டியை இரண்டு பேர் அடிமேல் அடிவைத்துத் தூக்கி வந்தார்கள். சார்ஜன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"ஹரி மிஸ், ஹரி" என்றார், எல்லாம் சரி என்று. திருகியிருந்தால் அந்த அறையே இருந்திராது, தொடாமல் விட்ட உங்கள் கையைக் கும்பிட வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு சீருடைக்காரன் அவளைப் பார்த்துச் சொன்ன நல்ல வார்த்தை.

அவருக்குப் பின்னால் பொலிஸ் இன்ஸ்பெக்டர் குறிப்புக் கொப்பியை விரித்துக்கொண்டு நின்றார். இளைஞர், மரியாதையாகத்தான் கேட்டார். பெயர்த்தாள்கூட இல்லாத போத்தலுக்குள் இருப்பது வெடிக்கும் சாமான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

"நான் இரசாயனவியல் ரீச்சர்."

எங்கே படித்தீர்கள்?

"யாழ்ப்பாணத்தில்."

அவர் எழுதினார். எழுதியதைத் தாமே ஒரு தடவை வாசித்தார். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார், பார்த்தார், தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெயர்த்தாளைக் கிழித்தது யார் என்று அடுத்ததாகக் கேட்டார். மதில் ஓரத்தில் காளியப்பன் எழும்புவதை அவள் கண்டாள்.

"தெரியாது" என்று முந்திக்கொண்டாள். "நான் வரமுந்தியே அப்பிடித்தான் இருந்தது."

சரி, ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வாக்குமூலம் மட்டும் தாருங்கள், பத்து நிமிட வேலை என்றார். பத்து நிமிடம் என்றால் எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியும்.

சார்ஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பிப் பார்த்ததும் தன் பெட்டியோடு போய்விட்டார். நாகேஸ்வரி ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். வலைப்பந்து மைதானத்தில் ஆண்டு ஆறு இன்னமும் வரிசை குலையாமல் வெயிலுக்குள் நின்றது. முன்வரிசையிலிருந்து இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை கையை உயர்த்தியது, வகுப்பில் கேள்வி கேட்பதுபோல.

"மிஸ், இனி உள்ளுக்குப் போகலாமா?"

"ஓம், போகலாம்" என்றாள். "இனிப் பயமில்லை. ரெண்டு ரெண்டு பேராப் போங்கோ."

பிள்ளைகள் ரெண்டு ரெண்டு பேராக வகுப்புக்குள் போகத் தொடங்கினார்கள். ஜீப் வாசலைத் தாண்டும்போது கடைசிச் சோடி படியில் நின்று திரும்பி, மிஸ் எங்கேயோ சவாரி போகிறா என்று நினைத்து, அவளுக்குக் கைகாட்டியது.