சன்னலோர வரிசை

அன்று அத்தை கையில் வைத்திருந்தது எறும்பு மருந்தா, வெறும் ஈரத்துணியா என்று இப்போது அவளுக்கு உறுதியில்லை. பேச்சு மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வண்டி வர வேண்டும். சமையலறை மேடையில், சன்னலிலிருந்து அடுப்புவரை, எறும்புகள் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன.

"வீடா இது, எறும்புப் புத்தா? உங்கப்பன்கிட்ட கத்திக் கத்தி என் தொண்டை வத்திப்போச்சு. 'தொடாதேக்கா, எம்பொண்ணு படிப்பு அது'ன்னுட்டான். கொல்லக் கூடாதுன்னு நீதான் சொன்னியாமே?"

"நானா? எப்ப?"

"என்னைக் கேளு! தினம் ஒரு ஸ்பூன் சர்க்கரை வேற. சர்க்கரையே தொடாதீங்கன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து இதுங்களுக்குத்தான் விருந்து."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடத்துப் பக்கம் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்த புதிதில் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். அவள் ஆராய்ந்தது மர உச்சியில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் இனம். இவை வெறும் வீட்டெறும்பு. அதை அப்பாவிடம் சொன்னதேயில்லை. "இன்னிக்கு வரிசை சன்னல் பக்கம் மாறிடுச்சும்மா" என்று போனில் சொல்வார். "சரிப்பா" என்று வைத்துவிடுவாள்.

சொல்லாதது இன்னொன்றும் இருந்தது. ஆய்வுக்கு வளர்த்த எறும்புக் கூட்டங்கள் இரண்டு முறை செத்தன. அனுப்பிய கட்டுரை திரும்பி வந்தது. கூடச் சேர்ந்தவர்கள் பட்டத்தோடு போய்விட்டார்கள். மூன்று மாதம் முன்பு ஒரு மாலை, ஆய்வகச் சாவியை வழிகாட்டியின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகும் அப்பா போனில் எறும்பு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் "சரிப்பா" என்று சொல்லிவந்தாள்.

"எப்படியும் நீ படிப்பை முடிச்சிடுவே. பார்க்க அவன்தான் குடுத்து வைக்கலே."

வாசலில் வண்டி வந்து நின்றது.

"நீ போய் அவன் பக்கத்துல நில்லு. நான் இதைத் துடைச்சிட்டு வரேன்."

"வேணாம் அத்தை. இருக்கட்டும்."

டப்பாவைத் திறந்து ஒரு ஸ்பூன் சர்க்கரையைச் சன்னலோரம் கொட்டினாள். குனிந்தாள். முன்னால் வந்த எறும்பு நின்றது. தொட்டுப் பார்த்தது. திரும்பி ஓடி, எதிரே வந்ததன் முகத்தோடு முகம் உரசியது. அதுவும் திரும்பியது.

"வாடியம்மா, தூக்கப் போறாங்க."

மறுமாதம் போய்ச் சாவியைக் கேட்டு வாங்கினாள். பட்டம் வர மேலும் மூன்று வருடம் ஆயிற்று. அத்தை தன் மகனோடு இருக்கப் போய்விட்டாள். இப்போது அத்தைக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. அப்பாவின் வீட்டை வாங்கியவர்கள் முதல் வேலையாகச் சமையலறையைக் கழுவிவிட்டார்கள்.