முதலில் வேகம், பிறகு இடம்

பூமி சூரியனை ஒழுங்காகச் சுற்றி வந்தால் குளோரி கருங்கலில் இருக்கிற அம்மா வீட்டுக்கு ஒரு வாரம் போகலாம். அப்படித்தான் பேச்சு. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிற மாமனாரை அதுவரை அவள் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் பூமியைச் சுற்ற வைக்கிற வேலை முடிந்ததும் அவள் புருஷன் ஜஸ்டஸ் பார்த்துக்கொள்வான்.

பூமிக்கு அந்த எண்ணமே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் விலகி, கொசுவர்த்திச் சுருள் மாதிரி விரிந்துகொண்டே போனது. ஜஸ்டஸ் கல்லூரியில் தொண்டை கட்டப் பாடம் நடத்திவிட்டு வந்து அதன் முன்னால் உட்காருவான். பாதியில் கரண்டு போகும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவான்.

குளோரிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மாமனாரைப் புரட்டிப்போட்டு, துடைத்து, கஞ்சி ஊட்டி, துணி அலசி நிமிர்ந்தால் அடுத்த கஞ்சிக்கு நேரமாகிவிடும். எல்லாம் என் கிரகம் என்று அலுத்துக்கொள்வாள். அவள் விஷயத்தில் அது நிஜமாகவே கிரகம்தான்.

சனிக்கிழமை மத்தியானம் ஜஸ்டஸ் கத்தினான். "ஏட்டி குளோரி, இஞ்ச ஓடி வா!"

ஈரக்கையோடு போனாள். திரையில் ஒரே வட்டம். எத்தனை சுற்றினாலும் பூமி அதே கோட்டில் வந்தது.

"என்ன செய்தீங்க?"

"புரோகிராம்ல ரெண்டு வரிய முன்ன பின்ன மாத்திப் போட்டேன், அவ்வளவுதான். பூமிய நகத்திட்டு, பெறவு வேகத்தத் திருத்திட்டு இருந்தேன். பழைய வேகத்துல ஓடுனா விலகாம என்ன செய்யும்? முதல்ல வேகத்தத் திருத்தணும், பெறவுதான் நகத்தணும். வரிசைதான் தப்பு."

குளோரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்ப நான் சாயங்காலம் கெளம்பட்டா?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சந்திரனையும் சேத்துருவோம். அது முடிஞ்சதும் போ."

சண்டை போடக்கூட அவளிடம் தெம்பில்லை. உள்ளே போய்ச் சேலை மாற்றினாள். பையை எடுத்தாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கீபோர்டின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமாவுக்கு வலப்பக்கமா ஊட்டணும். இடப்பக்கம் வழிஞ்சிரும்."

"எங்க போற? சந்திரன்..."

"முதல்ல நான் போறேன். பெறவு சந்திரனச் சேத்துக்கிடுங்க. நம்ம வீட்டுலயும் வரிசைதான் தப்பு."

கருங்கல் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டு வருவதற்குள் குளோரி உறங்கிப்போனாள்.